பார்வைக்கு நல்ல புழு, உள்ளே ஒளிந்த வைரஸ்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் கீழப்பழுவூர் உழவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கீழப்பழுவூர்க்காரன். மூன்று ஏக்கர் மானாவாரி, ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். மக்காச்சோளம், பருத்தி, நிலக்கடலை இவைதான் நம்ம வெள்ளாமை. பெரிய படிப்பு படித்தவன் இல்லை. ஆனால் இன்றைக்கு நான் பேச வந்திருப்பது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கிற ஒரு சங்கதி. "உனக்கு எதுக்கய்யா அந்த வேலை?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வாழைக்கன்று வாங்குகிறவருக்கும், பட்டுப்புழு வளர்க்கிறவருக்கும், பருத்திக்கு வைரஸ் கரைசல் அடிக்கிறவருக்கும் இதிலே பாடம் இருக்கிறது.

2018-ஆம் வருஷத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருஷம் மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காப் பக்கம் மக்காச்சோளத்தில் ஒரு புதுப் புழுவைக் கண்டார்கள். நாலைந்து மாதத்துக்குள் அது நம்ம பெரம்பலூர், அரியலூர் காட்டுக்கெல்லாம் வந்துவிட்டது. அமெரிக்கன் படைப்புழு! தலையிலே கவிழ்த்துப் போட்ட ஒய் எழுத்து மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாய் நாலு கரும்புள்ளி. குருத்துக்குள்ளே புகுந்து மரத்தூள் மாதிரி எச்சத்தைத் தள்ளிக்கொண்டு இருந்ததே, அதேதான். நானும் குருத்தைப் பிரித்துப் பிரித்து, விரல் நோகும் மட்டும் நசுக்கினேன். நசுக்கினது போக மிச்சப் புழு என் சோளத்தைத் தின்றது.

அந்தச் சமயம் என் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். உயிரியல் படித்து, வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண். வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "மாமா, நீங்க நசுக்குற இந்தப் புழுவைத்தான் நாங்க கண்ணாடிக் குடுவையில வச்சு, சாப்பாடு ஊத்தி வளர்க்கிறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, உங்களுக்கு வேற வேலை இல்லையா? இந்தச் சனியனையா வளர்க்கிறீங்க?" என்றேன்.

"முழுப் புழுவை இல்லே மாமா, அதோட உயிரணுவை. அதுல ஊசி மருந்து செய்யறாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவள் சொன்னதையும், பிற்பாடு நான் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முருங்கைப் போத்து மாதிரி

நம் உடம்பு, மாட்டின் உடம்பு, புழுவின் உடம்பு எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அதற்குப் பெயர் உயிரணு. செல் என்றும் சொல்வார்கள். அந்த உயிரணுவைப் புழுவின் உடம்பிலிருந்து பிரித்தெடுத்து, சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் கலந்த நீரில் விட்டு, ஏறத்தாழ 27 டிகிரி சூட்டில் வைத்தால், அது தானாகவே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகும். கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு தரம் இரட்டிக்கும்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது முருங்கைப் போத்து நடுகிற மாதிரி. ஒரு நல்ல மரத்தில் போத்து வெட்டி நடுகிறோம். அது மரமாகிறது. அதிலிருந்து இன்னொரு போத்து. தாய் மரம் பட்டுப்போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் அந்த மரம் ஊர் முழுக்க உயிரோடுதானே இருக்கிறது? அதேபோல, 1977-இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில், அரசு வேளாண்துறை ஆய்வுக்கூடத்தில், இந்தப் படைப்புழுவின் கூட்டுப்புழுவிலிருந்து சூல்பையின் உயிரணுவை எடுத்து வளர்த்தார்கள். அதற்கு எஸ்.எஃப்.-21 என்று பெயர். 1983-இல் அதிலிருந்து ஒரே ஓர் உயிரணுவைப் பிரித்துப் பெருக்கி எஸ்.எஃப்.-9 என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்குச் செத்த புழுவின் உயிரணு இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் போத்து போத்தாகப் பெருகிக்கொண்டிருக்கிறது.

பூச்சியின் உயிரணுவை விடாமல் பெருகும்படி முதன்முதலில் வளர்த்துக் காட்டியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாமஸ் கிரேஸ். வருஷம் 1962. அவர் எடுத்தது நம்ம பக்கம் தோப்பு தோப்பாய் இருக்கிறதே, அந்தத் தைல மரத்து இலையைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சி. நம் நாடும் இதில் பின்தங்கிப் போகவில்லை. 1967-இல் பூனாவில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே. ஆர். பி. சிங் என்ற அறிஞர் கொசுப் புழுவிலிருந்து உயிரணுவை எடுத்து வளர்த்தார். காலில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசுவும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் அவர் எடுத்தவை. அந்தப் புலிக்கொசு உயிரணுவின் வழித்தோன்றலான சி-6/36 என்பதில்தான் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களை உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்த்துப் பார்க்கிறார்கள். அந்தப் பூனா மையம்தான் இப்போது தேசிய வைராலஜி நிறுவனம்.

வைரஸே வேலையாள்

புழு உயிரணுவில் ஊசி மருந்து எப்படிச் செய்கிறார்கள்? இங்கேதான் நமக்குத் தெரிந்த ஆள் ஒருவர் வருகிறார். என்.பி.வி. என்று வைரஸ் கரைசல் அடிக்கிறோமே, பருத்தியில், கடலையில்? அது தாக்கின புழு செடியின் நுனிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கி, உடம்பெல்லாம் கூழாகிச் சாகும். அந்த வைரஸ் புழுவின் உயிரணுவுக்குள் புகுந்ததும், தன்னைச் சுற்றிப் பொதிந்துகொள்ள ஒரு புரதத்தை ஏராளமாகச் செய்துகொள்ளும். விதைக்கு ஓடு மாதிரி, வெயிலுக்கும் மழைக்கும் அது காப்பு.

1983-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்மித், சம்மர்ஸ், ஃபிரேசர் என்ற மூன்று பேர் ஒரு காரியம் செய்தார்கள். அந்த ஓட்டுப் புரதத்துக்கான மரபுக்கட்டளையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனிதருக்கு வேண்டிய ஒரு புரதத்தின் கட்டளையை வைத்தார்கள். வைரஸும் ஏமாந்துபோய், ஓடு செய்வதாக நினைத்துக்கொண்டு மனிதப் புரதத்தைச் செய்து குவித்தது. பிறத்தியார் காட்டில் உழுகிறோம் என்று தெரியாமல் உழுகிற மாடு மாதிரி!

இந்த முறையில்தான் பிற்பாடு தடுப்பூசிகள் வந்தன. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஒரு தடுப்பூசி, முட்டைக்கோஸ் தின்னும் ஒரு புழுவின் உயிரணுவில் செய்தது. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு சளிக்காய்ச்சல் தடுப்பூசி, படைப்புழுவின் உயிரணுவில் செய்தது. கொரோனா காலத்தில் பூனாவின் சீரம் நிறுவனம் செய்து, 2021 டிசம்பரில் நம் நாட்டில் அவசர அனுமதி பெற்ற கோவோவாக்ஸ் என்ற ஊசியும் படைப்புழுவின் உயிரணுவில் பிறந்த புரதம்தான். நம்ம ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். அவை புழு உயிரணுவில் செய்தவை அல்ல.

எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் ஆச்சரியம். என் காட்டைத் தின்ற புழு, யாரோ ஒரு பிள்ளைக்கு உயிர் காக்கிற மருந்தும் ஆகியிருக்கிறது.

ஒளிந்திருந்தது எப்படித் தெரிந்தது?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

1975-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஸ்டோலர், தாமஸ் என்ற இருவர் ஏடிஸ் கொசுவின் உயிரணுவை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த உயிரணு பார்க்க நன்றாக இருந்தது, நன்றாகப் பெருகியது. ஒரு குறையும் தெரியவில்லை. அது வளர்ந்த நீரைக் கொஞ்சம் எடுத்து, நம் சிங் பூனாவில் உருவாக்கிய புலிக்கொசு உயிரணுவில் விட்டார்கள். அவ்வளவுதான். புலிக்கொசு உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உருகி, பெரிய பெரிய உருண்டையாகிவிட்டன! முதல் உயிரணுவுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு வைரஸ் குடியிருந்திருக்கிறது. குடியிருந்த வீட்டில் சத்தமே இல்லை. அடுத்த வீட்டுக்குப் போனதும் ஆட்டம் போட்டுவிட்டது.

பிற்காலத்தில், பூனா வழியில் வந்த அந்தச் சி-6/36 உயிரணுக்களிலும் வேறொரு வைரஸ் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். ஆக, யார் வீடும் விலக்கு இல்லை.

2007-இல் ஜப்பானில் இன்னொரு சம்பவம். முட்டைக்கோஸ் புழுவின் உயிரணுவில், மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஒரு வைரஸின் புரதத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். செய்து எடுத்ததைப் பெரிதுபடுத்திப் பார்த்தால், தாங்கள் செய்யாத சின்ன உருண்டைகளும் அதிலே இருந்தன. விசாரித்தால், அது நோடா என்ற குடும்பத்து வைரஸ். வெகுகாலமாக அந்த உயிரணுவிலேயே ஒளிந்திருந்து, வேலைக்கு விட்ட வைரஸ் உள்ளே போனதும் தானும் எழுந்து பெருகியிருக்கிறது.

அடுத்தது நம்ம படைப்புழு. 2014-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானிகள், புதிதாக வந்த கருவிகளை வைத்து, எஸ்.எஃப்.-9 உயிரணுவில் இருக்கும் மரபு எழுத்துகளையெல்லாம் ஒன்று விடாமல் படித்தார்கள். அதில் அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் இருந்தது. ராப்டோ என்ற குடும்பம். வெறிநாய்க்கடி நோயின் வைரஸ் இருக்கிறதே, அதற்குத் தூரத்துப் பங்காளி. தாய் உயிரணுவான எஸ்.எஃப்.-21-லும் அதே வைரஸ் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1983 முதல் 2014 வரை 31 வருஷம், உலகம் முழுக்க எத்தனையோ படித்த கண்கள் அந்த உயிரணுவை நாள்தோறும் பார்த்திருக்கின்றன. ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

ஏன் தெரியவில்லை?

"ஏம்மா, வைரஸ் வந்தா உயிரணு சாகணும்தானே? அது எப்படி இத்தனை வருஷம் நோவு நொடி இல்லாம இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமா, அதோ கோரை பிடுங்கின காட்டைப் பாருங்க. இப்ப சுத்தமாத்தானே இருக்கு?" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கோரையைக் கொத்தி எடுத்தால் மேலே தரை சுத்தம். கிழங்கு அடியிலே கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், ஊசி ஊசியாய்க் கிளம்பிவிடும்.

பூச்சியின் உயிரணுவுக்குள்ளே ஒரு காவல் இருக்கிறதாம். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அந்த இழையைப் பிடித்துத் துண்டு துண்டாக நறுக்கிப் போடும். அதனால் வைரஸ் தலையெடுக்க முடியாது. ஆனால் அடியோடு ஒழிந்தும் போகாது. வைரஸுக்கும் உயிரணுவைக் கொன்றால் குடியிருக்க வீடு இல்லை. ஆகையால் இரண்டும் ஒரு மாதிரி சமாதானமாகப் போய்விடும். உயிரணு இரண்டாகும்போது வைரஸும் இரண்டு பக்கமும் பங்கு பிரிந்து போகும். போத்து வெட்டி நடும்போது தாய் மரத்து நோயும் கூடவே போகிற மாதிரி.

சூடு மாறினால், சாப்பாடு குறைந்தால், வேறொரு வைரஸ் உள்ளே வந்தால், அல்லது பழக்கமில்லாத வேறு உயிரணுவுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தச் சமாதானம் முறிந்துபோகும். அப்போதுதான் வெளியே தெரியும்.

அப்படியானால் ஊசியில் ஆபத்தா?

உங்களுக்கு வருகிற அதே சந்தேகம் எனக்கும் வந்தது. "அப்போ ஊசியோட அந்த வைரஸும் நம்ம உடம்புக்குள்ள போயிடுமே?"

அவள் மழுப்பவில்லை. நேராகவே பதில் சொன்னாள். முதலாவது, படைப்புழுவின் அந்த ராப்டோ வைரஸை மனித உயிரணுவில் விட்டுப் பார்த்தார்கள். அதில் அது பெருகவில்லை. இரண்டாவது, உயிரணுவில் பிறந்த புரதத்தை அப்படியே ஊசியில் ஏற்றுவதில்லை. வைரஸின் மேல் தோலைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருளில் ஊற வைத்து, புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, வைரஸ்கூட நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டுகிறார்கள். மூன்றாவது, அந்த வழியெல்லாம் உண்மையிலேயே வைரஸை நீக்குகிறதா என்று, வேண்டுமென்றே வைரஸைக் கலந்துவிட்டுப் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் சும்மா வந்ததல்ல. பட்டுத் தெரிந்துகொண்டது. 1955 முதல் 1963 வரை அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து, குரங்கின் சிறுநீரக உயிரணுவில் வளர்த்தது. அந்தக் குரங்கு உயிரணுவில் எஸ்.வி.-40 என்ற வைரஸ் ஒளிந்திருந்ததை 1960-இல்தான் கண்டார்கள். அதற்குள் மருந்தின் ஒரு பகுதியோடு அதுவும் மக்கள் உடம்புக்குள் போயிருந்தது. அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும், பார்க்காமல் விட்டது தவறுதானே? அதன் பிறகு, எந்த உயிரணுவில் மருந்து செய்தாலும் அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று சோதித்துத்தான் ஆக வேண்டும் என்ற விதி கடுமையாயிற்று.

2014-இல் அந்தப் படைப்புழு வைரஸைக் கண்டுபிடித்தது யார் என்று கவனியுங்கள். மருந்துக்கு அனுமதி கொடுக்கிற அமைப்பே தேடிப்பிடித்து, ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னது. குறை இருக்கிறது என்று தானே வெளியே சொல்கிறவனிடம்தான் நம்பி வாங்கலாம். "எங்கள் சரக்கில் குறையே கிடையாது" என்கிறவனிடம்தான் நாலு தரம் யோசிக்க வேண்டும்.

கண்டதோடு நிற்கவும் இல்லை. 2016-இல் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்விஸும் அவருடைய கூட்டத்தாரும், வைரஸை அடக்கும் மருந்து கலந்த நீரில் படைப்புழு உயிரணுவைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து, அந்த ராப்டோ வைரஸ் இல்லாத ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். முட்டைக்கோஸ் புழுவின் உயிரணுவிலும் நோடா வைரஸ் இல்லாத வகை வந்துவிட்டது. நோய் இல்லாத கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பது மாதிரிதான்.

எட்டு மாத உழைப்பு

என் அக்கா மகளுக்கும் இதில் ஓர் அனுபவம். அவள் எட்டு மாதம் உழைத்து ஒரு புரதத்தைச் செய்துகொண்டிருந்தாளாம். உயிரணுவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புரதம் ஒரு வாரம் நிறைய வரும், ஒரு வாரம் கொஞ்சம் வரும். அவளை வேலைக்குப் பழக்கின அம்மாள், "உயிரணுவைச் சோதனைக்கு அனுப்பு" என்று சொன்னாராம். இவள், "நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறாள். கடைசியில் அனுப்பினால், உள்ளே வேண்டாத வைரஸ்.

அத்தனை குடுவையையும் கொதிநீராவியில் அவித்துக் கொட்டினார்களாம். அலமாரி, விசிறி, குழாய் எல்லாம் கழுவித் துடைத்து, முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஒரு நல்ல காலம். ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்த்த சுத்தமான உயிரணுவைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்தார்கள். நம்ம ஊருக்கு மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் புகை கக்கும் கேன் ஒன்று கொண்டு வருவாரே, அதே திரவ நைட்ரஜன்தான். அதில் இருந்ததை எடுத்து மறுபடி வளர்த்தார்கள்.

"அன்னிக்கு ராத்திரி அழுதுட்டேன் மாமா. வைரஸ் வந்ததுக்கு அழலே. ஒரு மாசம் முன்னாடி அனுப்பச் சொன்னப்பவே அனுப்பாம விட்டேனே, அதுக்குத்தான்" என்றாள்.

நான் செய்த தப்பு

அவள் அப்படிச் சொன்னதும், நான் யாரிடமும் சொல்லாத என் கதையைச் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

1997-இல் இரண்டு ஏக்கர் பருத்தி போட்டிருந்தேன். பச்சைக் காய்ப்புழு தலைவிரித்தாடின காலம். எந்த மருந்தும் கேட்கவில்லை. என்.பி.வி. வைரஸ் கரைசல் அடித்தால் புழு கூழாகிச் சாகும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். காசு கொடுத்து வாங்குவானேன், நாமே செய்யலாமே என்று தோன்றியது. காட்டில் செத்துக் கிடந்த புழுவையெல்லாம் பொறுக்கினேன். தலைகீழாகத் தொங்கினதும் அதில் உண்டு. மருந்தடித்துச் சுருண்டு கிடந்ததும் உண்டு. கருத்து, அழுகி நாறினதும் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து, துணியில் வடிகட்டி, உச்சி வெயிலில் அடித்தேன்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தால் காய்க்குக் காய் ஓட்டை. பாதி மகசூல் போயிற்று. மிச்சம் இருந்த கரைசலைப் பிற்பாடு ஒரு வேளாண் அலுவலர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "இதுல நோய்க்கிருமி பலதும் இருக்கு. நீங்க தேடுற வைரஸ் மட்டும் தேடித்தான் பார்க்கணும்" என்றார். வெளித்தோற்றத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைத் தீர்மானித்தேன். அதுதான் என் தப்பு. ஆய்வுக்கூடத்தில் என் அக்கா மகள் செய்ததும் அதே தப்புதான்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே உழவர்களே, ஒளிந்திருக்கும் கிருமி ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் சொந்தமில்லை. நம் வீட்டுக்கும் வரும். மூன்று காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வைரஸ் கரைசல். செத்த புழுவையெல்லாம் அரைத்து அடிக்காதீர்கள். எண்ணிக்கை சோதித்து, தேதி போட்டு, நம்பகமான இடத்தில் விற்பதை வாங்குங்கள். பச்சைக் காய்ப்புழு என்.பி.வி. ஏக்கருக்கு 100 புழு அளவு, அதாவது ஹெக்டேருக்கு 250 புழு அளவு என்பது கணக்கு. ஒரு புழு அளவு என்றால் 600 கோடி வைரஸ் பொதிகள். வெயிலில் வைரஸ் செத்துப்போகும் என்பதால் சாயங்காலம் அடியுங்கள். கொஞ்சம் வெல்லம் கரைத்துச் சேர்த்தால் புழு விரும்பித் தின்னும். புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். இன்னொன்று, பச்சைக் காய்ப்புழுவின் வைரஸ் புரோடீனியாப் புழுவைக் கொல்லாது, படைப்புழுவையும் கொல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

இரண்டாவது, பட்டுப்புழு. பால்புழு நோய் என்கிறோமே, புழு உப்பி, தோல் கிழிந்து, பால் மாதிரி வடியுமே, அதுவும் என்.பி.வி. இனத்து வைரஸ்தான். உள்ளே குறைவாக இருக்கும்போது தெரியாது. சூடு ஏறி இறங்கினால், ஈர இலை, முற்றின இலை போட்டால், நாலாம் தோல், ஐந்தாம் தோல் பருவத்தில் திடீரென்று கிளம்பும். அப்போது பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் புழு ஏற்றுமுன் வளர்ப்பு மனையை, 2 சதவீத பிளீச்சிங் பவுடரும் 0.3 சதவீத நீற்றின சுண்ணாம்பும் கலந்த கரைசலால் கழுவுங்கள். நோய்ப் புழுவைக் கோழிக்குப் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். சுண்ணாம்பு நீரில் போட்டுப் புதையுங்கள். முட்டை வாங்கும்போது, தாய் அந்துப்பூச்சியைச் சோதித்த நோயற்ற முட்டையாகவே வாங்குங்கள். தாயைச் சோதிக்கும் இந்த வழக்கத்தை 1860-களில் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர் ஏற்படுத்தினார். பெப்ரின் என்ற நோயால் அந்நாட்டுப் பட்டுத் தொழிலே அழியப் பார்த்தபோது, நுண்ணோக்கியில் தாய்ப்பூச்சியைப் பார்த்து, நோயுள்ளதன் முட்டையைக் கழித்துத்தான் அதைக் காப்பாற்றினார்.

மூன்றாவது, வாழைக்கன்று. முடிக்கொத்து நோய் வைரஸ் ஏறின குத்தில், ஒரு கன்று பார்க்கத் தளதளவென்று இருக்கும். கொண்டுவந்து நட்டு, இலை குறுகி நுனியில் கொத்தாக நிற்கும்போதுதான் தெரியும். அதற்குள் அசுவினி அதை அடுத்த மரத்துக்கும் கொண்டு போயிருக்கும். ஆகவே கன்றைப் பார்த்து வாங்காதீர்கள். தோட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரு குத்தில் நோய் கண்டாலும் அந்தத் தோட்டத்துக் கன்று வேண்டாம். திசு வளர்ப்புக் கன்று வாங்கினால், வைரஸ் சோதனை செய்ததற்குச் சான்று இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். காசு நம்முடையது.

இந்த மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சோதித்த நல்ல வித்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் அதை நைட்ரஜன் கேனில் வைக்கிறார்கள், நாம் குதிரிலும் நாற்றங்காலிலும் வைக்கிறோம். கையில் சுத்தமான வித்து இருந்தால், எட்டு மாத உழைப்பு போனாலும் மறுபடி எழுந்துவிடலாம். அது இல்லாவிட்டால் எழுவதற்கு ஊன்றுகோல் கிடையாது.

போன தடவை ஊருக்கு வந்தபோது என் அக்கா மகள் மக்காச்சோளக் காட்டுக்கு வந்தாள். குருத்தைப் பிரித்து ஒரு படைப்புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "பாருங்க மாமா, எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு" என்று சிரித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சோதிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அதைக் கீழே போட்டாள். நான் நசுக்கிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் அது என்ன வேலை செய்தாலும் சரி, என் காட்டில் அது எனக்குப் பகையாளிதானே!